சாவியை ஆணியில் மாட்டாதீர்கள்

சொந்த ஊருக்குக் காரில் போகிற புருஷன் பெண்டாட்டிக்கு என்னிடம் ஒரே ஒரு புத்திமதிதான் இருக்கிறது. போய் இறங்கியதும் கார் சாவியை ஹாலில் இருக்கிற ஆணியில் மாட்டாதீர்கள். சட்டைப் பை, கைப்பை, தலையணைக்கு அடியில், அரிசிப் பானைக்குள், எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். ஆணி மட்டும் வேண்டாம்.

எனக்குப் பிறந்த வீடு திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். ‘மேலூருக்குப் பக்கம்’ என்றால் மதுரைக்காரர்களுக்குப் புரியும். கட்டிக்கொடுத்த இடம் மயிலாடுதுறை, குடித்தனம் தாம்பரம். 2025 ஜூனோடு எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். 2000-இல் கல்யாணமான புதிதில் கோடைக்கானலுக்குப் போனோம். போனோம் என்றால் வேனில், பதினோரு பேர். என் மாமியார் முன் சீட்டில். மலை ஏறும்போது வாந்தி எடுத்த நாத்தனார் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் கடைசி சீட்டில். ஏரியில் படகு விட்டதுகூட ஆண்கள் ஒரு படகு, பெண்கள் ஒரு படகு. ஆகவே இருபத்தைந்தாவது வருடத்திலாவது இரண்டே பேராக இரண்டு ராத்திரி அங்கே தங்குவது என்று முடிவு செய்தோம். இது பேராசை என்று நினைக்கிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

திட்டம் இதுதான்: வைகாசித் திருவிழாவுக்குத் திருவாதவூர் போவது, மூன்று நாள் அண்ணன் வீட்டில் இருப்பது, வியாழக்கிழமை காலை மலைக்குக் கிளம்பி சனிக்கிழமை இறங்கி வந்து, இன்னும் இரண்டு நாள் ஊரில் இருந்துவிட்டுத் தாம்பரம் திரும்புவது. 2024-இலிருந்து கோடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஹைகோர்ட் உத்தரவு. 2025 சீசனில் அதற்கும் மேலே ஒரு கணக்கு, வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. அதனால் முன்கூட்டியே வண்டி எண்ணைப் போட்டு வியாழக்கிழமைக்குப் பாஸ் எடுத்துவிட்டார் இவர். காட்டேஜுக்கு முன்பணம் 6,400 ரூபாய் கட்டியாயிற்று. இரண்டு நாளுக்கு முன்னால் சொல்லாவிட்டால் பணம் திரும்பாது என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

கார் யோசனை இவருடையது என்று எழுதத்தான் ஆசை. என்னுடையது. ‘பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல போய்டலாம், கார்னா முதுகு வலிக்கும்’ என்று இவர் மூன்று தடவை சொன்னார். 2023-இல் வாங்கிய கார். பிறந்த வீட்டு வாசலில் அதிலிருந்து இறங்க வேண்டும், எதிர்வீட்டு அயித்தை பார்க்க வேண்டும். இதற்குமேல் விளக்கம் தேவையா?

பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம், விழுப்புரம் தாண்டி இட்லி, திருச்சியில் காபி, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர். மதுரைக்கு முன்னாலேயே மேலூரில் பிரிந்துவிடலாம். பகல் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம். அயித்தை பார்த்தார்.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். இறங்கியதும் இவர் சாவியைச் சட்டைப் பையில்தான் போட்டார். குனிந்து செருப்பைக் கழற்றும்போது அது கீழே விழுந்தது. நான் எடுத்து, ‘இது நம்ம வீடு, ஆணியில மாட்டுங்க’ என்று என் கையாலேயே மாட்டினேன். காலண்டருக்குப் பக்கத்து ஆணி. அந்த நிமிடத்திலிருந்து அந்தக் கார் எங்களுடையது இல்லை.

முதல் நாள் சாயங்காலமே அண்ணன் ஆரம்பித்தார். ‘மாப்ள, வண்டி சும்மாத்தானே நிக்கிது, மேலூர் வரைக்கும் ஒரு எட்டு.’ அவருடைய கார் சர்வீஸுக்குப் போயிருக்கிறதாம். இவர் ‘அதுக்கென்ன அத்தான்’ என்றார். மயிலாடுதுறைக்காரர்களுக்கு ‘முடியாது’ என்பதற்கு வார்த்தை கிடையாது, ‘பார்க்கலாங்க’ என்பதோடு சரி. அதையும் இவர் சொல்லவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு மதினியின் தம்பியை மாட்டுத்தாவணியில் போய்க் கூட்டி வர வேண்டும். அடுத்து சின்னம்மாவின் கண்ணுக்கு மதுரை ஆஸ்பத்திரி. இதில் எனக்குக் குறையில்லை, சின்னம்மா என்னைத் தூக்கி வளர்த்தவர், ‘மருமகனே, ஒங்களுக்குத் தொந்தரவு’ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். சொன்னது அவர் ஒருத்தர்தான். அதற்கடுத்து ஒரு கட்டுச் சேலைக்காக விளக்குத்தூண். நாலு பேர் கடைக்குள், இவர் காருக்குள், இரண்டரை மணி நேரம்.

இடையில் ஒரு சின்ன விஷயம், உங்களுக்குப் பயன்படும். திருவாதவூரிலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் மேலூர் வந்து நாலுவழிச் சாலையில் ஏறினால் சிட்டம்பட்டி டோல்கேட் உண்டு. திருமோகூர் வழியாக ஒத்தக்கடை போய்விட்டால் அது இல்லை, காளமேகப் பெருமாளையும் சேவித்துக்கொள்ளலாம். எங்களை ஒவ்வொரு தடவையும் ‘மேலூர்ல ஒரு ஆள ஏத்திக்கிரலாம்’ என்று சொல்லிச் சொல்லி டோல்கேட் வழியாகவே விட்டார்கள். ஃபாஸ்டாக் மெசேஜ் வரும்போதெல்லாம் நான் இவர் முகத்தைப் பார்ப்பேன். இவர் ரோட்டைப் பார்ப்பார்.

புதன்கிழமை ராத்திரி குண்டு விழுந்தது. அண்ணன் பேரனுக்கு அழகர்கோயிலில் காதுகுத்து. அது திங்கட்கிழமை என்று சொல்லித்தான் எங்களை ‘இருந்துட்டுப் போங்க’ என்றார்கள். சமையல்காரருக்குத் திங்கட்கிழமை வேறு விசேஷம் வந்துவிட்டதாம், அதனால் வியாழனுக்கு மாற்றிவிட்டார்கள். பத்திரிகை அடிக்காத விசேஷம், போனிலேயே எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. எங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. வீட்டில்தானே இருக்கிறோம்!

நான் ஞாபகப்படுத்தினேன். ‘நாங்க நாளைக்குக் கோடைக்கானல் போறோம்ணே, பாஸ் எடுத்தாச்சு, ரூம் போட்டாச்சு.’

அண்ணன் பேசவில்லை. மதினிதான் இவரைப் பார்த்துச் சொன்னார்: ‘போங்கண்ணே, யாரு வேணாம்னா? காலையில சாமான மட்டும் கோயில்ல எறக்கி விட்டுட்டு அப்பிடியே மலைக்குப் போயிருங்க.’ அழகர்கோயில் ஒரு பக்கம், வத்தலக்குண்டு ரோடு ஒரு பக்கம். கோடைக்கு எங்கள் வீட்டிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். அதைச் சொன்னேன். மதினி சிரித்துக்கொண்டே, ‘அழகர்மலையும் மலைதான?’ என்றார்.

சாமான் என்றால் இரண்டு அண்டா, ஒரு தேங்காய் மூட்டை, வாழை இலைக்கட்டு. இதெல்லாம் ஏறிய பிறகு, கருப்பணசாமிக்கு நேர்ந்துவிட்ட இளங்கிடா. கால்களைக் கட்டி டிக்கியில் படுக்க வைத்தார்கள். எங்கள் துணிப்பையும் டிக்கியில்தான் இருந்தது. கோடைக் குளிருக்கு என்று எடுத்துவைத்த இரண்டு ஸ்வெட்டர் அதற்குள். அழகர்கோயில் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கிடா என்னவெல்லாம் செய்யுமோ அதையெல்லாம் செய்துவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன், பயந்துபோயிருக்கும். ஒரு வருடம் ஆகப்போகிறது, மழை நாளில் கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டால் இன்றைக்கும் அந்த வாடை வருகிறது.

இறக்கிவிட்டுக் கிளம்பினோமா? ஒரு அண்டா மூடி வீட்டிலேயே தங்கிவிட்டது, எடுக்கத் திரும்பினோம். கிழவி ஒருத்தரை மேலூர் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டார்களாம், அதற்கு ஒரு தடவை. பதினெட்டாம்படி வாசலுக்கு மூன்றாம் முறை வந்தபோது மணி பன்னிரண்டு. இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ‘வண்டிய இங்கயே விட்டுட்டு, ஆரப்பாளையம் போய் பஸ் ஏறுவோமா?’ என்று கேட்டேன். ஆரப்பாளையத்திலிருந்து கோடைக்கு நேர் பஸ் இருக்கிறது, அரசு பஸ்ஸுக்குப் பாஸ் தொல்லையும் இல்லை. இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். ‘வண்டிய விட்டுட்டு எப்படி வர்றது?’ என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரயிலில் வந்திருந்தால் காலை ஏழு மணிக்கே நாங்கள் இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்போம். ஒரு ஆளும் எங்களைத் தடுத்திருக்க முடியாது.

அன்றைக்கு எங்கள் மலை அழகர்மலைதான். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் மரத்தடியில் படுத்த நேரம், நாங்கள் நூபுர கங்கைக்குப் போய்க் குளித்தோம். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. கீழே வந்து அழகர்கோயில் தோசை வாங்கித் தின்றோம். கெட்டியாக, மிளகும் சீரகமும் கடிபட, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததால் ஆத்திரம் குறையவில்லை. மொய்யும் எழுதினோம், காட்டேஜ் முன்பணம் போக அது தனி.

இந்த ஊர் மண்ணுக்கு இது புதிதில்லை என்று பிறகு தோன்றியது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தில் திருப்பெருந்துறையில் கோயில் கட்டினவர் எங்கள் ஊர்க்காரர்தானே. எடுத்துப்போன பணம் ஒன்றுக்கு, செலவானது ஒன்றுக்கு. அவருக்காவது இறைவன் நரியைப் பரியாக்கிக் கொண்டுவந்து கொடுத்தான்.

கோடையைவிட எனக்கு அதிகம் வலித்தது இன்னொன்று. மேலூரில் என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து படித்த சிநேகிதி இருக்கிறாள். எங்கள் திருமறைநாதர் வைகாசித் திருவிழாவில் மேலூருக்கு எழுந்தருளுவார், மாங்கொட்டைத் திருவிழா என்போம். அன்று சாயங்காலம் முழுக்க அவள் வீட்டில் இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பத்து வருடத்துப் பேச்சு பாக்கி. பருத்திப்பால் காய்ச்சி வைத்திருந்தாள், எனக்கு மட்டும் சுக்கு தூக்கலாக. நான் போய் உட்கார்ந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை, தெருவில் ஹாரன். இவர் அடிக்கவில்லை, பின்சீட்டில் இருந்து எட்டி அண்ணன் அடித்தார். ‘கூட்டம் வர்றதுக்குள்ள கெளம்பணும்த்தா!’ சிநேகிதி டம்ளரைப் பிடித்துக்கொண்டே வாசல் வரை வந்தாள். அவளுடைய கணவர் இறந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசவே ஆரம்பிக்கவில்லை.

எனவே சிநேகிதர்களைப் பார்க்கப் போகிறவர்கள் தனியாக, டவுன் பஸ்ஸில் போங்கள். திரும்புகிற நேரத்தை வீட்டில் யாருக்கும் சொல்லாதீர்கள்.

கிளம்புகிற நாள் விடிகாலை ஐந்து மணிக்கு இவர் என்னை எழுப்பினார். சாவி ஆணியிலேயே தொங்கட்டும், அப்போதுதான் நாம் இல்லாதது தெரியாது என்றார். இந்த மனிதருக்கு இந்த மூளை முதல் நாளே வந்திருக்கக் கூடாதா? நடந்தே கோயிலுக்குப் போனோம். இவர் தேவாரம் கேட்டு வளர்ந்தவர், அதனால் கோயிலில் எனக்கு முன்னால் நடப்பார். கபிலர் பிறந்த ஊரும் இதுதான் என்று எனக்கே சொல்லிக் காட்டினார். ஓவாமலையில் சமணர் படுக்கையும் தமிழி எழுத்தும் இருக்கிறது, அடுத்த தடவை ஏறிப் பார்க்க வேண்டும் என்றார். சின்ன வயதில் நாங்கள் அங்கே புளியங்காய் தின்றுவிட்டு இறங்கிய இடம் அது. எழுத்து இருப்பது யாருக்குத் தெரியும்.

கோயிலில் குருக்கள் ஸ்தல புராணம் சொன்னார். சனி பகவானின் வாத நோயைத் தீர்த்த தலம், அதனால்தான் வாதவூர். கை கால் வலி, மூட்டு வலிக்காரர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து வேண்டிக்கொள்கிறார்கள். நான் இவரைப் பார்த்தேன். இவர் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றார். ஊரெல்லாம் வலியை விட்டுவிட்டுப் போகிற இடத்தில் வலி வாங்கிக்கொண்டு போன ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார். ஒன்றரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம், பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அந்த எட்டு நாளில் எங்களுக்கென்று கிடைத்தது அதுதான்.

வீட்டுக்கு வந்து மீட்டரைப் பார்த்தார். மதுரை மாவட்டத்தைத் தாண்டாமலே 612 கிலோமீட்டர்.

கடைசியாக ஒன்று. திரும்பி வரும்போது விழுப்புரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். போனைத் திறந்தால் அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறான்: குடும்பத்தோடு குற்றாலம். பின்னால் அண்ணனுடைய கார், கழுவித் துடைத்து, பொட்டு வைத்து. சர்வீஸ் முடிந்துவிட்டது போலிருக்கிறது. இதை நான் இதுவரை அண்ணனிடம் கேட்கவில்லை. இதைப் படித்தால் அவருக்குத் தெரியும்.

ஊருக்குப் போக வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இந்த வைகாசிக்கும் போகிறோம். உங்களுக்கென்று இரண்டு நாள் வேண்டுமானால் அதை முதலில் முடித்துவிட்டுப் பிறகு ஊருக்குள் நுழையுங்கள். ஊருக்குள் நுழைந்தபிறகு வெளியே வரும் தேதி உங்கள் கையில் இருக்காது. ரயிலுக்கு முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கில் இருக்காதீர்கள். திறந்த அன்று காலை எட்டு மணிக்கே உட்கார்ந்து பாண்டியனில் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். மதுரைக்கு எடுக்கவில்லை, கோடைக்கானல் ரோடுக்கு. மேலூர் சிநேகிதிக்கு மட்டும் தேதி சொல்லியிருக்கிறேன். கார் தாம்பரத்தில் நிற்கும். சாவி என் கைப்பையில்.