கற்பிப்பதும் ஆராய்ச்சிப் பயிற்சிதான்

அன்புள்ள கயல்விழிக்கு,

அமெரிக்காவில் வேதியியல் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்து, கூடவே டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) வேலைக்கான கடிதமும் வந்ததில் எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனால் டி.ஏ. என்றால் லேப் வகுப்பு எடுத்து, பேப்பர் திருத்தியே காலம் போய்விடும், ஆர்.ஏ. (ஆராய்ச்சி உதவியாளர்) வேலை தரும் இடமாகப் பார் என்று சிலர் சொல்வதால் நீ தயங்குகிறாய். இதில் என் கருத்து வேறு. டி.ஏ. வேலை உன் செலவைத் தாங்குவதோடு, உன்னை ஆராய்ச்சியாளராகவும் உருவாக்கும். அதைத் தயங்காமல் ஏற்றுக்கொள். அதற்குக் கொடுக்கும் நேரத்தில் மட்டும் கறாராக இரு.

முதலில் பணக்கணக்கு. பொதுவாக டி.ஏ.வுக்கு மாதச் சம்பளம், கல்விக் கட்டண விலக்கு, மருத்துவக் காப்பீடு மூன்றும் உண்டு. விலக்கான கட்டணத்துக்கு அங்கே வருமான வரி கிடையாது, சம்பளத்துக்கு உண்டு. பல இடங்களில் கட்டண விலக்கு கிடைத்தாலும் பிற கட்டணங்களை நாமே கட்ட வேண்டும். சில இடங்களில் கோடை மாதங்களுக்குச் சம்பளம் இருக்காது. உன் கடிதம் ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா, எத்தனை ஆண்டுக்கு உறுதி என்று வரி வரியாகப் பார். விளங்காததைத் துறைக்கு எழுதிக் கேள். அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் ஏற்றுள்ள உடன்பாட்டின்படி, ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு. ஆர்.ஏ. பெரும்பாலும் பேராசிரியரின் மானியத்தை நம்பியிருக்கும். 2025இல் அமெரிக்க அரசு பல ஆய்வு மானியங்களை இடையில் நிறுத்தியபோது அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தது. இளநிலை மாணவர்கள் இருக்கும்வரை லேப் வகுப்புக்கு ஆள் வேண்டும் என்பதால், டி.ஏ. அதைவிடச் சற்று நிலையானது.

கற்பிக்கும் நேரம் ஆராய்ச்சியிலிருந்து பறிபோகும் நேரம் என்பதுதான் முக்கியமான ஆட்சேபம். 2011இல் 'சயின்ஸ்' இதழில் டேவிட் ஃபெல்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான முடிவைக் காட்டுகிறது. அறிவியல், பொறியியல் துறைகளின் தொடக்கநிலை ஆய்வு மாணவர்கள் ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் எழுதிய ஆய்வுத் திட்டங்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். ஆராய்ச்சி மட்டும் செய்தவர்களைவிட, கற்பித்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்தவர்கள் சோதிக்கத்தக்க கருதுகோளை அமைப்பதிலும் சோதனையை வடிவமைப்பதிலும் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. ஒரு மாணவர் டைட்ரேஷனை ஒரே ஒருமுறை செய்துவிட்டு, அமிலத்தின் செறிவை நான்கு தசம இடம்வரை ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார். அந்தத் துல்லியம் ஏன் செல்லாது என்று இரண்டு வரியில் விளக்கி நீ மதிப்பெண் குறைக்க வேண்டும். இப்படி வாராவாரம் பிறர் தரவைக் கேள்வி கேட்டுப் பழகியவளுக்குத் தன் தரவிலுள்ள ஓட்டையும் சீக்கிரம் கண்ணில் படும்.

டி.ஏ.க்களைக் குறைந்த கூலிக்குப் பிழிகிறார்கள் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. 2022இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டி.ஏ.க்கள் உள்ளிட்ட ஏறத்தாழ 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தது வாடகைக்கே சம்பளம் போதாமல்தான். போராடி ஊதிய உயர்வும் பெற்றார்கள். ஆகவே சம்பளத்தை அந்த ஊர் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவெடு. எஃப்-1 மாணவர் விசாவில் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது விதி. உனக்கு அதுவே பாதுகாப்பு. மணிக்கணக்கைக் குறித்து வை. வரம்பு தாண்டினால், கணக்கைக் காட்டிப் பாடப் பேராசிரியரிடம் பணிவாகவும் தெளிவாகவும் சொல். திருத்துவதற்கு முன் மதிப்பெண் அளவுகோலை எழுதிக்கொண்டால் நேரமும் மிச்சம், மாணவரோடு வாதமும் குறையும்.

உன் ஆங்கில உச்சரிப்பு பற்றிய பயமும் வேண்டாம். வெளிநாட்டு டி.ஏ.க்களுக்குப் பல இடங்களில் பேச்சுத் தேர்வும் பயிற்சி வகுப்பும் உண்டு. அவற்றைச் சலுகையாக எடுத்துக்கொள். நிதானமாகப் பேசு, முக்கியமானதைப் பலகையில் எழுது. சிக்கலான ஒன்றைப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கவைக்கத் தெரிந்தவள், நாளைக்குத் தன் ஆய்வை எந்தச் சபையிலும் எடுத்துச் சொல்லலாம். கடிதத்தில் கேட்க வேண்டியதையெல்லாம் இந்த வாரமே துறைக்கு எழுது. பதில் திருப்தியாக இருந்தால் கையெழுத்துப் போடு.

அன்புடன்,
பெரியப்பா