முள்ளை வென்ற சிறு பூச்சி

திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களில் கோடைக் காலத்தில் நடந்து பாருங்கள். புல் அடியோடு கறும்பப்பட்டிருக்கும். ஆனால் சில செடிகள் மட்டும் பச்சையாக நிற்கும். ஆடாதோடை நிற்கும், ஆடுதின்னாப்பாளை நிற்கும். ஆடு எதைத் தொடாது, எதைத் தின்னாது என்பதை நம் முன்னோர் செடியின் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டனர். இவை கசப்பாலும் நச்சாலும் தம்மைக் காத்துக்கொள்கின்றன. இவற்றின் அருகே கண்டங்கத்தரி, பிரமதண்டு, சூரை, சப்பாத்திக்கள்ளி ஆகியவையும் நிற்கும். இவற்றின் கண்கூடான ஆயுதம் முள்.

கால்நடை நல்ல செடிகளைத் தின்றுவிடுகிறது, முட்செடியை விட்டுவிடுகிறது. விடப்பட்ட செடி பூத்து, காய்த்து, விதை பரப்புகிறது. மேய்ச்சல் மிகுந்த நிலத்தில் முட்செடி ஆண்டுதோறும் பெருகுவதற்கு இதுவே முதற் காரணம். அப்படியானால் முட்செடியைத் தின்ன எந்த உயிரும் இல்லையா? உண்டு. அதைக் காண்பதற்கு முன், முள்ளின் கணக்கைச் சிறிது பார்ப்போம்.

முள்ளின் கணக்கு

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது என்று படித்திருக்கிறீர்கள். ஒரு முள்ளின் நுனி 0.1 மில்லிமீட்டர் விட்டம் உடையது என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 0.008 சதுர மில்லிமீட்டர். ஒரு மாடு அதன்மேல் வெறும் 1 நியூட்டன் விசையுடன், அதாவது 100 கிராம் எடைக்குச் சமமான விசையுடன், நாக்கை வைத்தால் போதும். நுனியில் உண்டாகும் அழுத்தம் ஏறத்தாழ 12.5 கோடி பாஸ்கல்! இது காற்றழுத்தத்தைப் போல 1,250 மடங்கு. மென்மையான நாக்கு இதைத் தாங்குமா?

மாடு நாக்கைச் சுழற்றிப் புல்லை வளைத்துப் பிடித்துத் தின்னும் விலங்கு. ஆகவே முட்செடி அதற்கு ஆகாது. ஆட்டின் கதை வேறு. அதன் வாய் குறுகலானது; உதடுகள் நன்றாக அசையக்கூடியவை. உடைமரத்தின் நீண்ட முட்களுக்கு இடையே உதட்டை நுழைத்து, இலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிடும். முள்ளுக்கும் முள்ளுக்கும் உள்ள இடைவெளி ஆட்டின் உதட்டைவிடப் பெரிதாயின் ஆடு வெல்லும். சிறிதாயின் செடி வெல்லும். சப்பாத்திக்கள்ளியில் பெரிய முட்களின் அடியில் நுண்ணிய சுணை முட்களும் கொத்தாக உள்ளன. இங்கே ஆடும் தயங்கும். வறட்சிக் காலத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியில் பண்ணையாளர்கள் இந்த முட்களைத் தீயில் பொசுக்கிவிட்டுக் கள்ளியை மாட்டுக்குக் கொடுப்பதுண்டு. முள் போனால் அது தீவனம்!

கடல் கடந்து வந்த கள்ளி

சப்பாத்திக்கள்ளி நம் நாட்டுச் செடி அன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். அது இங்கு வந்து சேர்ந்தபோது, அதைத் தின்னும் பூச்சிகள் உடன் வரவில்லை. பகைவர் இல்லாத புதிய நாட்டில் அது வேலியைத் தாண்டி வயலுக்குள்ளும் புகுந்தது. முறிந்த ஒரு மடல் மண்ணில் விழுந்தாலும் வேர்விட்டுத் தழைக்கும். வெட்டிப் போடுவது அதற்கு நாற்று நடுவதைப் போன்றதே.

இதற்கிடையில் வேறொரு கதை நடந்தது. மெக்சிகோவில் கள்ளியின் மேல் வாழும் காக்சினீல் என்னும் பூச்சியிலிருந்து விலையுயர்ந்த செஞ்சாயம் கிடைத்தது. அந்த வாணிகம் ஸ்பானியர் கையில் இருந்தது. அதைத் தானும் பெறக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பியது. சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் இதற்காகக் கள்ளித் தோட்டமே அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சிகள் இந்தியாவுக்கு வந்தன. ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் இனம் அன்று; டாக்டிலோபியஸ் சிலோனிகஸ் என்னும் வேறோர் இனம். சாயத் தொழில் பொய்த்தது. எனினும் அப்பூச்சி ஒபன்ஷியா மோனகாந்தா என்னும் கள்ளியைத் தின்று அழிக்கத் தொடங்கியது.

இதைக் கண்டு, 1836-38 ஆண்டுகளில் தென்னிந்தியாவில் கள்ளியை ஒழிப்பதற்கென்றே அப்பூச்சி கொண்டுவந்து விடப்பட்டது. ஒரு களையை அழிக்கப் பூச்சியை வேண்டுமென்றே பயன்படுத்தி வென்றதில் உலகிலேயே இது முதல் நிகழ்ச்சி எனலாம்.

ஆனால் அக்கள்ளி ஒழிந்த பின்னும் மற்றோர் இனமான ஒபன்ஷியா டில்லெனி எஞ்சியது. பழைய பூச்சி அதைத் தின்னவில்லை. அது தென் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் பரவி உழவரைத் துன்புறுத்தியது. 1926இல் டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்னும் வேறோர் இனப் பூச்சி இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே பெரும் பரப்பில் கள்ளி மடிந்தது. நிலம் மீண்டும் ஏருக்கு வந்தது.

சிறியது வென்றது எப்படி?

மாட்டை நிறுத்திய முள், பூச்சியை ஏன் நிறுத்தவில்லை? பெண் பூச்சியின் உடல் சில மில்லிமீட்டர் அளவே உடையது. குஞ்சுகள் அதனினும் சிறியவை. காற்றிலேயே மிதந்து செடிக்குச் செடி செல்லும். முட்களுக்கு இடையேயுள்ள இடம் அவற்றுக்கு அகன்ற தெரு. அங்கே அமர்ந்து, மயிரினும் மெல்லிய ஊசிபோன்ற வாயுறுப்பை மடலுக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகின்றன. இம்மியளவு விசைதான்; ஆனால் ஊசியின் பரப்பு மிக மிகச் சிறியது. ஆகவே அழுத்தம் போதுமானதாகிறது. முள்ளைக் காத்த அதே விதி பூச்சிக்கும் துணை நிற்கிறது!

கள்ளி குறைந்தால் பூச்சிக்கு உணவு குறையும், பூச்சியும் குறையும். பூச்சி குறைந்தால் கள்ளி சிறிது தலையெடுக்கும். இப்படி ஒரு தராசுநிலை அமைகிறது. வேலியோரங்களில் இன்றும் கள்ளியைக் காண்பது இதனால்தான். அது அழியவில்லை, அடங்கியிருக்கிறது.

தின்பதெல்லாம் பகையா?

இனி வேறொரு முட்செடி. 1870களில் விறகுக்காக நம் நாட்டில் விதைக்கப்பட்டது சீமைக் கருவேல். வேலிகாத்தான் என்றும் சொல்வோம். இதன் இலையைக் கால்நடைகள் விரும்புவதில்லை. இனிப்பான நெற்றை ஆடு ஆவலுடன் தின்னும். ஆனால் கடினமான விதைகளுள் பல செரிக்காமல் புழுக்கையுடன் வெளியேறி, எருவோடு சேர்ந்தே முளைக்கின்றன. கள்ளியைத் தின்ற பூச்சி கள்ளிக்குப் பகை. நெற்றைத் தின்ற ஆடு சீமைக் கருவேலுக்கு ஊர்தி. எந்த உயிர், செடியின் எந்த உறுப்பைத் தின்கிறது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

பூச்சியைத் தருவிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ஐரோப்பாவிலிருந்து சென்று வட அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் பரவிய திஸ்ட்டில் என்னும் முட்செடியை அடக்க, 1960களின் இறுதியில் ஒரு கூன்வண்டு அங்கு விடப்பட்டது. அது களையை மட்டும் தின்று நிற்கவில்லை. அந்நாட்டுக்கே உரிய அரிய திஸ்ட்டில் இனங்களின் விதையையும் தின்னத் தொடங்கியதை 1997இல் ஆய்வாளர் வெளியிட்டனர். ஆகவே ஒரு பூச்சியை விடுவதற்கு முன், அது பயிர்களையும் உள்நாட்டுச் செடிகளையும் தொடாது என்று தேர்ந்து அறிவது இன்று கட்டாயம்.

நீங்களே செய்து பாருங்கள்

1. சப்பாத்திக்கள்ளி மடலில் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் காணப்பட்டால், நீண்ட குச்சியால் அதை நசுக்குங்கள். இரத்தம்போன்ற செந்நிறம் வரும். இதுவே கார்மினிக் அமிலம். தன்னைத் தின்ன வரும் எறும்பு முதலியவற்றை விரட்டப் பூச்சி வைத்திருக்கும் மருந்து. மடலைக் கையால் தொடாதீர்கள். சுணை முள் கண்ணுக்குத் தெரியாது; தோலில் ஏறினால் எடுப்பது கடினம்.

2. சீமைக் கருவேல் வளர்ந்துள்ள இடத்தில் மேயும் ஆடுகளின் பட்டியிலிருந்து காய்ந்த புழுக்கை 100 எடுத்து, ஒரு தொட்டியில் மண்ணோடு கலந்து நீர் தெளியுங்கள். மற்றொரு தொட்டியில் நெற்றிலிருந்து நேராக எடுத்த விதைகளை இடுங்கள். இருபது நாட்கள் எண்ணிக் குறித்து வாருங்கள். முடிந்ததும் நாற்றுகளை வேரோடு பிடுங்கி உலர்த்திவிட மறவாதீர்கள். இல்லையேல் விதை பரப்பும் ஆட்டின் வேலையை நீங்களும் செய்தவர் ஆவீர்கள்!