கியர்பொக்ஸைக் கழற்றுமுன் கிளச் ஒயிலைப் பாருங்கள்

இடம்பெயர்ந்து வந்து கொட்டாஞ்சேனையில் வாடகை அறையொன்றில் வாழ்ந்த விவசாயக் குடும்பம் ஒன்றை நான் அறிவேன். நிலத்தை விட்டுவந்த அவர்களுக்குப் பழைய பிக்கப் ஒன்றே சீவனோபாயம். பேலியகொடைச் சந்தையில் மரக்கறி ஏற்றி வெள்ளவத்தைக் கடைகளுக்குக் கொடுப்பார்கள். ஒருநாள் கியர் விழ மறுத்தது. "கிளச் பிளேட் முடிந்துவிட்டது" என்றார் ஒரு மெக்கானிக். நகையை அடகுவைத்துப் புதிய பிளேட் போட்டார்கள். மறுநாளும் கியர் விழவில்லை. பழுதாகியிருந்தது கீழ்ப்பம்பினுள் இருந்த ஒரு சிறிய ரப்பர் வாசர்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வாகனங்களின் விலையும் வெகுவாக ஏறியது. 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியபோதும் புதியது எமக்கு எட்டாத விலையே. எனவே இருக்கும் வாகனத்தை அறிந்து பேணுவது அவசியம்.

எப்படி வேலை செய்கிறது?

ரொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பல பழைய பிக்கப்புகளில் கிளச் பிரேக் ஒயிலினால் இயங்குகிறது. பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் எனப்படும் மேற்பம்ப் ஒயிலைத் தள்ளும். அது குழாய் வழியே கியர்பொக்ஸின் அருகிலுள்ள கீழ்ப்பம்புக்குச் சென்று, அதன் தண்டை வெளியே தள்ளும். அப்போது பிளேட் இயந்திரத்திலிருந்து விடுபடும். நீர் இறைக்கும் பம்பில் காற்று இழுத்தால் தண்ணீர் ஏறாததை நாம் தோட்டத்தில் கண்டிருக்கிறோம். இங்கும் காற்றுப் புகுந்தால் மிதிக்கும் பலம் தண்டைச் சென்றடையாது.

முதலில் நோயைப் பிரித்தறிக

இயந்திரம் நின்றிருக்கும்போது கியர் இலகுவாக விழுந்து, ஓடும்போது விழாமல் அல்லது கரகரவென்று அரைபட்டால், கிளச் முழுமையாக விடுபடவில்லை. ஒயில் தொகுதியை முதலில் பாருங்கள். மாறாக, சுமையுடன் மேடு ஏறும்போது இயந்திரம் இரைந்தும் வேகம் கூடாமல் கருகிய மணம் வந்தால், பெரும்பாலும் பிளேட் தேய்ந்திருக்கும்.

சோதிக்கும் ஒழுங்கு

இயந்திரத்தை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் இழுத்து, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கக்கூடாது.

1. ஒயில் கிண்ணத்தைப் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஒயில் கறுத்திருந்தால் அது பழையது; ரப்பரும் தேய்ந்திருக்கலாம்.

2. பெடலின் மேற்பக்கத்தையும் கால்விரிப்பையும் தடவிப் பாருங்கள். ஈரமென்றால் மேற்பம்ப் கசிகிறது.

3. கீழ்ப்பம்பின் ரப்பர் உறையை விலக்குங்கள். உள்ளே ஒயில் இருந்தால் அதன் வாசர் பழுது. ரப்பர் குழாயில் வெடிப்போ வீக்கமோ உண்டா எனவும் பாருங்கள்.

4. இரண்டு மூன்று முறை மிதித்தபின் கியர் விழுந்தால் காற்றுப் புகுந்திருக்கலாம். மிதித்துப் பிடிக்கும்போது வெளியே கசிவின்றிப் பெடல் மெல்லத் தாழ்ந்தால், மேற்பம்பின் உள்வாசரைச் சந்தேகியுங்கள்.

5. ஒருவர் மிதிக்க, மற்றவர் கீழ்ப்பம்பின் தண்டைப் பார்க்கட்டும். சற்றே நகர்ந்தால் குறை ஒயில் தொகுதியில். நன்றாக நகர்ந்தும் கியர் அரைபட்டால் குறை உள்ளே. அப்போதுதான் கியர்பொக்ஸைக் கழற்றுவது பற்றிப் பேசலாம்.

காற்றை வெளியேற்றல்

கிண்ணத்தை நிரப்பி, கீழ்ப்பம்பின் காற்று நிப்பிளில் குழாய் மாட்டி, மறுமுனையைச் சிறிது ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். பெடலை மெதுவாகப் பலமுறை மிதித்துப் பிடித்தபின் நிப்பிளைத் தளர்த்தி, குமிழிகள் வந்ததும் இறுக்குங்கள். இறுக்கிய பின்னரே பெடலை விடவேண்டும். குமிழி நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்க. கிண்ணம் வற்ற விடாதீர்கள்.

மூடியில் குறிப்பிட்ட வகைப் பிரேக் ஒயிலையே ஊற்றுங்கள். என்ஜின் ஒயில் ரப்பரை வீங்கச் செய்யும். பிரேக் ஒயில் பெயின்றை அரிக்கும். சிந்தினால் உடனே கழுவுங்கள்.

பஞ்சிகாவத்தையில் வாசர் வாங்கும்போது பழையதைக் கொண்டுசென்று ஒப்பிடுங்கள். பம்பின் உட்சுவர் கீறியிருந்தால் வாசர் மட்டும் மாற்றுவதால் பயனில்லை, பம்பையே மாற்றவேண்டும்.

குழுவில் கலந்துரையாட

1. எமது வாகனத்தின் ஒயில் கிண்ணத்தை இறுதியாக எப்போது திறந்து பார்த்தோம்?

2. மெக்கானிக் ஒரு பாகத்தை மாற்றச் சொன்னால், நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி என்ன?