தையல் ஆறியது, வலி ஏன் ஆறவில்லை?



நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து வீடு திரும்பிய பெண்களுக்கு மாதக்கணக்கில் தொடரும் வலியைப் பற்றி இந்த மாத உடல்நலப் பாடத்தில் பேசுவோம்.

"பீடி, சிகரெட் குடிக்கிறவங்களுக்கு வர்ற நோய்தானே, நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். புகையிலைதான் பெரிய காரணம். ஆனால் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. பக்கத்தில் இருப்பவர் விடும் பீடிப் புகையை வருடக்கணக்கில் சுவாசிப்பதும் ஒரு காரணம். எனவே நோய் வந்த பெண்ணைப் பார்த்து, "நீ என்ன பண்ணினே?" என்று யாரும் கேட்க வேண்டாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். எல்லோருக்கும் ஆபரேஷன் செய்ய முடியாது. செய்ய முடிந்தது என்றால், பெரும்பாலும் நோய் அதிகம் பரவும் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பொருள். அப்படிப் பிழைத்து வந்த பெண்ணை வலி மூலையில் உட்கார வைத்துவிடக் கூடாது.

எங்கே கீறுகிறார்கள்? ஏன் வலிக்கிறது?

வலது நுரையீரலில் மூன்று பகுதிகளும் இடது நுரையீரலில் இரண்டு பகுதிகளும் உண்டு. பொதுவாகக் கட்டி இருக்கும் பகுதியை எடுத்துவிடுவார்கள். அதற்காகத் தோள்பட்டைக்குக் கீழே விலாப்பக்கமாகக் கீறி, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே இடைவெளியை அகட்டுவார்கள். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் ஓரத்திலும் ஒரு நரம்பு ஓடுகிறது. அது முதுகிலிருந்து கிளம்பி மார்பின் முன்பக்கம் வரை வருகிறது. எலும்பை அகட்டும்போது அந்த நரம்பு நசுங்கலாம், இழுபடலாம். சிறு துளை போட்டுக் கேமரா வழியாகச் செய்யும் ஆபரேஷனிலும் நரம்பு அடிபட வாய்ப்பு உண்டு.

தோலும் சதையும் சில வாரங்களில் கூடிவிடும். நரம்பு மெதுவாகத்தான் ஆறும். தையல் முதுகுப் பக்கம் இருக்க, வலி மார்புக்குக் கீழேயோ மேல் வயிற்றிலோ தெரிவதற்கும் இந்த நரம்புதான் காரணம்.

இந்த வலியைப் பெண்கள் பல விதமாகச் சொல்கிறார்கள். "மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரியுது", "சுருக் சுருக்னு குத்துது", "கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு", "ஒரு பக்கம் மரத்துப் போச்சு, ஆனா ஜாக்கெட் துணி பட்டாலே தாங்கல." கேட்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் நரம்பு வலியின் அடையாளமே இதுதான். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களில், மூன்று மாதம் கழித்தும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் வலி இருக்கிறது. பலருக்கு லேசாக இருக்கும். சிலருக்குத் தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்கு இருக்கும்.

"நடிக்கிறா" என்று சொல்லாதீர்கள்

எங்கள் களப்பகுதியில் ஓர் உறுப்பினர், ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகியும் குடம் தூக்க முடியாமல் இருந்தார். "தையல் எல்லாம் காஞ்சு போச்சு, இன்னும் என்ன வலி?" என்று வீட்டில் கேட்டார்கள். அந்த அக்கா வலியைச் சொல்வதையே நிறுத்திவிட்டார். வலித்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமோ என்ற பயம் வேறு. செக்கப் போனபோது, "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டதற்கு, "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வந்துவிட்டார். சொல்லாத வலிக்கு டாக்டர் எப்படி மருந்து கொடுப்பார்?

அடுத்த முறை குழுவின் ஊக்குநர் உடன் போனார். விவரத்தை எடுத்துச் சொன்னதும் நரம்பு வலிக்கான மாத்திரை கொடுத்தார்கள். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் இரவில் தூங்குகிறார், கூட்டத்துக்கு நடந்து வருகிறார்.

வலிக்குக் கணக்கு எழுதுங்கள்

சேமிப்புக்கும் கடனுக்கும் நோட்டுப் போடும் நமக்கு இது கஷ்டம் இல்லை. தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு மார்க் எழுதுங்கள். வலி இல்லாவிட்டால் 0, தாங்கவே முடியாவிட்டால் 10. எந்த நேரத்தில் வலித்தது, என்ன செய்யும்போது வலித்தது, தூக்கம் வந்ததா என்பதையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதித் தரலாம். அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரை விஷயத்தில் கவனம்

• நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை பெரும்பாலும் போதாது. கேபாபென்டின், பிரிகேபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளை டாக்டர் தரலாம். குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள்.

• இவை உடனே வேலை செய்யாது, வாரங்கள் ஆகலாம். "ரெண்டு நாள் போட்டேன், கேக்கல" என்று விட்டுவிடாதீர்கள். தூக்கக் கலக்கமும் தலைச்சுற்றலும் வரலாம். இரவில் எழும்போது மெதுவாக எழுந்திருங்கள். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

• மெடிக்கல் ஷாப்பில் நாமாக வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரலாம், கிட்னியும் கெடலாம்.

• கடும் வலிக்கு டாக்டர் மார்ஃபின் மாத்திரை கொடுத்தால் பயப்படாதீர்கள். சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில் சாப்பிடலாம். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

• இருமல் வந்தால் அடக்காதீர்கள். சளி தங்கினால் நிமோனியா வரலாம். ஒரு தலையணையைத் தையல் பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். வலி குறையும்.

• மூச்சுப் பயிற்சியை விடாதீர்கள். மூக்கால் மெதுவாக இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்று பந்துக் கருவியைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

• வலிக்கு பயந்து கையை அசைக்காமல் வைத்தால் தோள் இறுகிவிடும். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு ஏறுவதுபோல் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள்.

• தினமும் நடங்கள். முதலில் ஐந்து நிமிடம், பிறகு கூட்டிக்கொண்டே போகலாம். மூச்சு வாங்கினால் நின்று ஓய்வெடுங்கள்.

• ஒரு குடம் தண்ணீர் 12 முதல் 15 கிலோ இருக்கும். டாக்டர் சரி என்று சொல்லும் வரை குடம், விறகுக்கட்டு, மூட்டை எதையும் தூக்க வேண்டாம்.

• தளர்வான பருத்தி ஜாக்கெட், முன்பக்கம் கொக்கி வைத்தது நல்லது. பாடியின் பட்டை தையலில் உரசினால் நடுவில் மெல்லிய துணி வையுங்கள்.

• மரத்துப்போன இடத்தில் சூட்டு ஒத்தடம் வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். சுளுக்கு எடுப்பதாக விலாவில் அழுத்தி உருவவும் விடாதீர்கள்.

• வீட்டுக்குள் பீடி வேண்டாம். விறகடுப்பு வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

எந்த வலிக்கு உடனே ஓட வேண்டும்?

பழைய வலி ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். குளிரிலும் அலைச்சலிலும் கூடலாம். அதற்கெல்லாம் நோய் திரும்பியது என்று பயப்பட வேண்டாம். ஆனால் திடீர் மூச்சுத்திணறல், வியர்வையோடு நெஞ்சு அடைப்பு, இருமலில் ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். காய்ச்சல், தையலில் சீழ், நாளுக்கு நாள் கூடும் புது வலி, எலும்பு வலி, குரல் மாற்றம், எடை குறைதல் இருந்தால் அடுத்த செக்கப் தேதி வரை பொறுக்காமல் டாக்டரைப் பாருங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஸ்கேன் தேதியைத் தவறவிடாதீர்கள். பொதுவாக முதல் இரண்டு, மூன்று வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்வார்கள்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி நிவாரண சிகிச்சையும் தரும் ஏற்பாடு செய்யப்பட்டது. உங்கள் ஊர் சுகாதார செவிலியரிடம் இதைக் கேளுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

வலியோடு இருப்பவருக்குப் பெரிய கவலை தவணைதான். "நம்மால குழுவுக்குக் கெட்ட பேர் வருமோ?" என்று நினைத்தே பலர் உடம்பு தேறும் முன் கூலி வேலைக்குப் போய்விடுகிறார்கள். இதைப் பேசித் தீர்க்க முடியும். உள்கடன் தவணையைச் சில மாதம் தள்ளி வைக்கலாம். கூட்டத்துக்கு வராததற்கு அபராதம் வேண்டாம் என்று முடிவு செய்யலாம். எதுவானாலும் எல்லோரும் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போடுங்கள். எழுதி வைத்தால் நாளைக்கு மனஸ்தாபம் வராது, அவருக்கும் அது சலுகையாகத் தெரியாது. வங்கிக் கடன் தவணை என்றால், தவறும் முன்பே பிரதிநிதிகள் வங்கி மேலாளரைப் பார்த்துப் பேசுங்கள்.

தண்ணீர் எடுக்க முறை போட்டுக்கொள்ளலாம். செக்கப்புக்கு ஒருவர் துணை போகலாம். மாதம் ஒரு கூட்டத்தை அவர் வீட்டுத் திண்ணையிலேயே நடத்தலாம்.

கூட்டத்தில் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. நம் குழுவில் ஆபரேஷன் முடிந்து வலியோடு இருப்பவர் யார்? கடைசியாக அவரை யார் போய்ப் பார்த்தோம்?

2. அடுத்த செக்கப்புக்கு அவரோடு போகப் போவது யார்?

3. நோயில் இருக்கும் உறுப்பினரின் தவணை பற்றி நம் குழுவில் தீர்மானம் உண்டா? இல்லையென்றால் இந்த மாதமே எழுதலாமா?

"வலிக்குது" என்று ஒரு பெண் சொன்னால், முதலில் நம்புவோம். பிறகு அவரோடு ஆஸ்பத்திரிக்கு நடப்போம்.