கோமாரி வந்து போன மாட்டுக்கும் தடுப்பூசி வேண்டுமா?

"போன வருஷமே எங்கள் மாட்டுக்குக் கோமாரி வந்து போய்விட்டது. இனி ஊசி எதற்கு?" தடுப்பூசி முகாம்களில் விவசாயிகள் பலர் கேட்கும் கேள்வி இது. இதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதிதான் நஷ்டத்தில் கொண்டுபோய் விடுகிறது.

நோய் கண்டு பிழைத்த மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. தடுப்பூசியால் கிடைக்கும் சக்தியைவிட அது அதிக காலம் நிற்பதும் உண்டு. ஆனால் கோமாரியை உண்டாக்கும் வைரஸ் கிருமி ஒரே வகை அல்ல. நம் நாட்டில் 'ஓ', 'ஏ', 'ஆசியா-1' என்ற வகைகள் காணப்படுகின்றன. 'ஓ' வகையால் நோய் கண்ட மாட்டுக்கு 'ஏ' வகையைத் தடுக்கும் சக்தி கிடைக்காது. வந்தது எந்த வகை என்பதை மாட்டைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஆய்வுக்கூடத்தில்தான் அறிய முடியும்.

வெக்கை நோயில் பிழைத்த மாட்டுக்கு ஆயுள் முழுவதும் அந்நோய் மீண்டும் வராது. 2011-ல் வெக்கை உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கு கோமாரிக்குப் பொருந்தாது.

நோயால் வரும் சக்திக்கு நாம் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். பால் வற்றுகிறது. சினை சிதையலாம். இளங்கன்றுகள் இதயம் பாதிக்கப்பட்டுத் திடீரென இறக்கின்றன. குணமான பின்னும் சில மாடுகள் வெயிலில் மூச்சிரைத்து, வேலைக்கு உதவாமல் போகின்றன.

தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்த கிருமி. அதனால் நோய் வராது. மூன்று வகைகளுக்கும் ஒரே ஊசியில் பாதுகாப்பு கிடைக்கிறது. குறை ஒன்றுதான்: இச்சக்தி சுமார் ஆறு மாதமே நிற்கும். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. கன்றுக்கு நான்காம் மாதத்தில் முதல் ஊசி. ஒரு மாதம் கழித்து மறு ஊசி. பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

2. சக்தி உண்டாக இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். பக்கத்து ஊரில் நோய் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

3. காய்ச்சலில் உள்ள மாட்டுக்கு ஊசி போடக் கூடாது. குணமான பின் கால்நடை மருத்துவரைக் கேட்டுப் போட வேண்டும்.

4. ஊசிக்குப் பின் ஓரிரு நாள் இலேசான காய்ச்சலோ பால் குறைவோ இருந்தால் அஞ்ச வேண்டாம்.

2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இத்தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. அடுத்த முகாமுக்கு நோய் வந்து போன மாட்டையும் தவறாமல் ஓட்டி வாருங்கள்.