கதீட்டர் அடிக்கடி அடைகிறதா? டயாலிசிஸ் நோயாளிகளுக்கான முழுமையான வழிகாட்டி

கழுத்தில் பெர்ம்கேத் என்னும் டயாலிசிஸ் கதீட்டர் போட்டவர்களுக்கு மிஷின் அலாரம் பழகிப்போன சத்தம். நிமிடத்துக்கு 300 மில்லியாவது ஓட வேண்டிய ரத்தம் 150-இல் திணறும். மூன்று மாதத்தில் இரண்டாவது குழாயும் அடைத்துவிட்டால், "உங்களுக்கு ரத்தமே உறையும் வாகு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இருக்கலாம். ஆனால் பரம்பரைக் காரணத்துக்குப் போகுமுன் பார்க்க வேண்டியவை உண்டு.

படி 1: முதலில் குழாய்

போட்ட சில நாளிலேயே தகராறு என்றால் குழாய் மடிந்திருக்கும், அல்லது நுனி இடம் மாறியிருக்கும். ஒரு எக்ஸ்ரே போதும். வாரங்கள் கழித்து வருவது வேறு: நுனியைச் சுற்றி ஃபைப்ரின் உறை படர்கிறது. சலைன் உள்ளே போகும், இழுத்தால் ரத்தம் வராது. இது பரம்பரைக் கோளாறே இல்லாதவருக்கும் வரும்.

படி 2: ஹெபாரின்

டயாலிசிஸ் முடிந்ததும் ரத்தம் உறையாமலிருக்கக் குழாய்க்குள் நிரப்பும் ஹெபாரினின் அளவு பெரும்பாலும் கிளாம்பிலேயே அச்சிட்டிருக்கும். குறைந்தால் நுனியில் ரத்தம் உறையும். ஹெபாரின் தொடங்கி 5 முதல் 10 நாளில் தட்டணுக்கள் பாதியாகக் குறைந்தால் உஷார்: அந்த மருந்தே உறைவை உண்டாக்கிக்கொண்டிருக்கலாம்.

படி 3: வீட்டில் விசாரியுங்கள்

எந்த லேப் ரிப்போர்ட்டுக்கும் முன்னால் இதைத்தான் வைப்பேன். 50 வயதுக்குள் காலில் ரத்தம் கட்டியவர் யார்? யாருக்கு அடுத்தடுத்து கரு கலைந்தது? "ஹார்ட் அட்டாக்" என்று வீட்டில் சொல்லிவரும் சாவு, நுரையீரலில் போய் அடைத்த ரத்தக் கட்டியாக இருந்திருக்கலாம். உங்களுக்கே டயாலிசிஸுக்காக அமைத்த ஃபிஸ்டுலாவும் அடைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

படி 4: சோதனை, சரியான நேரத்தில்

ரத்தத்தை எளிதில் உறையச் செய்யும் ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்ற மரபணு மாற்றம் 1994-இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது. ஐரோப்பியரிடம் சகஜம், நம்மிடம் அரிது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றின் குறைபாடுகளையும் சேர்த்துத் தேட வேண்டும். இங்கேதான் காசு வீணாகிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும்போது சி, எஸ் இரண்டும் குறைவாகவே காட்டும். ஹெபாரின் ஆன்டித்ராம்பினைக் குறைக்கும். சிறுநீரில் புரதம் ஒழுகுபவருக்கு ஆன்டித்ராம்பினும் கூடவே ஒழுகும். புதிதாக ரத்தம் கட்டியிருக்கும் வாரத்தில் எடுத்த ரிப்போர்ட்டையும் நம்ப முடியாது. மரபணுச் சோதனைக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனையையும் கேளுங்கள். அது காட்டும் ரத்த உறைவுக் கோளாறு பரம்பரையல்ல, ஆனால் லூபஸ் உள்ளவர்களிடம் அடிக்கடி காணப்படுகிறது.

படி 5: அடைத்துவிட்டால்

சிரிஞ்சால் அழுத்தித் தள்ளக் கூடாது. ஆல்டெப்ளேஸ் போன்ற கரைக்கும் மருந்தை ஒவ்வொரு குழாயிலும் விட்டுக் காத்திருப்பார்கள். பலிக்காவிட்டால் கம்பி வழியே புதுக் குழாய். முகமோ கையோ வீங்கினாலும், திடீரென மூச்சு வாங்கினாலும் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை பொறுக்காதீர்கள்.

குறைபாடு உறுதியானால்

வார்ஃபரினைத் தொடங்குவது சுலபமான முடிவல்ல. சிறுநீரகம் பழுதானவருக்கு ரத்தக் கசிவு ஆபத்தும் அதிகம். சிறுநீரக மருத்துவரும் ரத்தவியல் மருத்துவரும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். வயிற்று வழி டயாலிசிஸுக்கு ரத்தக் குழாயில் கதீட்டர் போடத் தேவையில்லை என்பதையும் பேசுங்கள். அண்ணனோ தங்கையோ சிறுநீரகம் தர முன்வந்தால், அவர்களுக்கும் இதே சோதனை வேண்டுமா என்று மாற்று அறுவைக் குழுவிடம் முன்கூட்டியே கேளுங்கள்.