வீட்டுக் கருவியும் மருத்துவக் கட்டணமும்

வேலை செய்த நாட்களைப் பதிவேட்டில் குறித்துக் கூலி வழங்குவதை நம் ஊராட்சிகள் நன்கறியும். மருத்துவத்திலும் இவ்வாறு நாளெண்ணிப் பணம் தரும் முறை அமெரிக்காவில் உண்டு. அங்கு முதியோருக்கான அரசுக் காப்பீட்டுக்கு 'மெடிக்கேர்' என்று பெயர். நோயாளி தம் இல்லத்திலேயே இரத்த அழுத்தத்தை அளப்பார். கருவி அவ்வளவைத் தானே மருத்துவருக்கு அனுப்பிவிடும்.

கட்டணம் மூன்று பகுதிகளைக் கொண்டது. கருவியை அமைத்துப் பயன்படுத்தக் கற்பிப்பதற்கு ஒரு முறை, கருவிக்கு மாதந்தோறும், வந்த அளவுகளை ஆராய்ந்து நோயாளியுடன் பேசிச் சிகிச்சையைத் திருத்துவதற்குத் தனியே. இவற்றுள் இரண்டாவதே சிக்கலானது. 30 நாட்களில் 16 நாட்களேனும் அளவு வந்து சேர வேண்டும் என்பது 2025 வரை இருந்த விதி. 15 நாட்கள் அளந்திருந்தால் அம்மாதக் கருவிக் கட்டணம் ஒரு காசும் இல்லை. இது நியாயமன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. மருந்தளவை மாற்றச் சில நாட்களின் அளவே போதியதாகலாம். 2026 முதல், 2 நாட்களிலிருந்து 15 நாட்கள் வரை அளந்தாலும் கட்டணம் உண்டு.

2024-இல் அந்நாட்டு நலத்துறையின் தணிக்கையாளர்கள் ஆராய்ந்தபோது, இச்சேவை பெற்றோரில் நூற்றுக்குச் சுமார் 43 பேருக்கு மூன்று பகுதிகளும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்று கண்டனர். கட்டணத்தில் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு நோயாளியின் பொறுப்பு. ஆதலின் பட்டியல் வந்ததும் தாம் அளந்த நாட்களை அதனோடு ஒத்துப் பார்ப்பது அவருக்கே ஆதாயம்.